நாகர்கோவிலில் மாதம் ஐந்தாயிரத்துக்குள் கல்லூரி மாணவன் தங்க முடியுமா?

கொல்லங்கோட்டுக்காரத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். நாகர்கோவிலில் கல்லூரி கிடைத்திருக்கிறதாம். நண்பர்களோடு மாடி அறை எடுத்தால் ஐந்தாயிரத்துக்குள் அடங்குமா என்கிறார்.

வாடகை அடங்கும். ஆனால் வாடகையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். நான் அப்படித்தான் மாட்டினேன்.

எனக்கு அருமனை. 2015-ல் கல்லூரியில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் வீட்டிலிருந்தேதான் போய் வந்தேன். மார்த்தாண்டத்தில் ஒரு பஸ் மாற வேண்டும், நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் இன்னொன்று. மார்த்தாண்டம் மேம்பாலத்தை 2018 கடைசியில்தான் திறந்தார்கள். அதுவரை மார்த்தாண்டத்துப் பம்மத்தில் பஸ் நின்றால் நின்றதுதான். முதல் பீரியட் எனக்குப் பெரும்பாலும் கிடையாது. சரி, அறை எடுத்துவிடலாம் என்று மூன்று பேர் கிளம்பினோம்.

நம் கன்னியாகுமரி மாவட்டம் சின்னது. எந்த மூலையிலிருந்தும் எப்படியாவது இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம் என்பதால் மாணவர்களுக்கென்று வாடகை அறை கட்டியவர்கள் குறைவு. இருப்பதெல்லாம் யாரோ ஒருவரின் வீட்டு மாடிதான். மகன் வளைகுடாவில் இருப்பான், கீழே வயதான இருவர், மேலே இரண்டு அறை சும்மா கிடக்கும். போர்டு எதுவும் தொங்காது. டீக்கடையிலோ சீனியர்களிடமோதான் விசாரிக்க வேண்டும். போய் நின்றால் வாடகைப் பேச்சுக்கு முன்பே, "எந்த ஊரு மக்ளே? கோயிலுக்குப் போறவங்களா, சர்ச்சுக்கா?" என்று வரும். சர்ச் என்றால் அடுத்து ஆர்.சி.யா (கத்தோலிக்கரா), சி.எஸ்.ஐ.யா (தென்னிந்தியத் திருச்சபையா) என்று வரும். சுற்றி வளைத்து எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் மூன்று பேருக்கும் மூன்று விதமான பெயர்கள். "இப்பதான் வேற ஒருத்தருக்குச் சொல்லியாச்சு" என்ற பதிலை இரண்டு வீடுகளில் கேட்டோம்.

கடைசியில் ஆசாரிப்பள்ளம் போகிற வழியில் ஒரு பழைய ஓட்டு வீட்டின் மச்சு கிடைத்தது. வாடகை 4,500, ஆளுக்கு 1,500. அடடா, லாபம் என்று நினைத்தோம். அட்வான்ஸ் 25,000. கரண்டுக்குத் தனி மீட்டர், யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொன்னதுதான் விலை. சமைப்போம் என்று சட்டி பானை வாங்கினோம், இரண்டே வாரத்தில் மெஸ்ஸுக்குப் போய்விட்டோம். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஆளுக்கு ஐந்தாயிரத்தைத் தொட்டது. கல்லூரி விடுதியில் சாப்பாட்டோடு ஏறக்குறைய அதேதான் வாங்கினார்கள்.

வீட்டுக்காரப் பாட்டா நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் மேலே வரும். ஆனால் 2018-ல் காலி செய்தபோது அவர் மகன் போனிலேயே பெயின்ட், ஓடு, குழாய் என்று பத்தாயிரத்தைக் கழித்தார். எங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டிருந்தால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எங்கள் வாடகைக்கு 13,500தான் வந்திருக்கும். நடைமுறையில் இன்னும் வாய்ப்பேச்சுதான் அதிகம். நீங்களாவது எழுதி வாங்குங்கள்.

அறைக்கு முன்னால் அரசு விடுதியைப் பாருங்கள். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி, ஆதிதிராவிடர் நல விடுதி (2025-ல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றிவிட்டார்கள்) இரண்டிலும் தங்க, சாப்பிடக் காசு இல்லை. பெற்றோருக்கு வருமான வரம்பு உண்டு. பிற்படுத்தப்பட்டோர் விடுதிக்குப் பையன்களுக்கு வீடு எட்டுக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும், பெண்களுக்கு அந்தத் தூரக் கணக்கு இல்லை. கொல்லங்கோடு என்றால் தூரம் பிரச்சினையே இல்லை. அருமனைக்கும் இருந்திருக்காது, எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. (தங்கைக்காகத் தேடுகிறவர்களுக்கு: தனியார் பெண்கள் விடுதி என்றால், 2014-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மழுப்பினால் அடுத்த இடம் பாருங்கள்.)

விடுதி முடிவு தெரிகிறவரை குழித்துறையிலிருந்து பாசஞ்சர் ரயிலில் மாத சீசன் டிக்கெட் எடுத்துப் போய் வரலாம். மாணவர்களுக்குச் சலுகை உண்டு, பஸ்ஸைவிட எவ்வளவோ மலிவு.

அறைதான் என்று முடிவானால், ஜூனில் மழை கொட்டும்போது போய்ப் பாருங்கள். பாய் விரிக்கிற மூலையில் ஒழுகுகிறதா என்று அப்போதுதான் தெரியும். நாங்கள் பார்க்கப் போனது ஜனவரியில்.