யாருக்காக எடுக்கிறீர்கள், தம்பி?

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் பினாங்கில் பட்டப்படிப்பு இரண்டாம் ஆண்டு மாணவன். படம் எடுப்பதில் பைத்தியம். படிப்பு முடிவதற்குள் இன்ஸ்டகிராமில் பத்தாயிரம் பேர் பின்தொடர வேண்டும், ஒரு போட்டியிலாவது பரிசு வாங்க வேண்டும், ஃபுல் ஃபிரேம் கேமரா ஒன்று சொந்தமாக வேண்டும் என்று இலக்கு வைத்து, தினமும் ஒரு படம் போட்டு வந்தேன். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதத்தின் பின்னாலேயே போய் ஆயிரத்துக்கு மேல் எடுத்தேன். இரவு வீட்டுக்கு வந்ததும் அம்மா, "சாமியப் பாத்தியாய்யா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துப் பார்த்தால், அன்று எனக்கு மிஞ்சியது கழுத்து வலிதான். அதனால் இனி ஓராண்டுக்குக் கேமராவைத் தொடுவதில்லை, அந்தந்தக் கணத்தை ரசித்து வாழ்வது என்று முடிவெடுத்திருக்கிறேன். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் கூடக் கடைசியில் கேமராவை வைத்துவிட்டாரே! விற்றுவிடலாமா என்றும் யோசனை. என் முடிவு சரிதானே ஐயா?
பி.கு.: தைப்பூசப் படங்களில் சிலவற்றை உங்கள் இதழுக்கு அனுப்பலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத மாணவர், குளுகோர்)

பதில்: சரியில்லை, தம்பி. கேமராவைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்த அதே கடிதத்தின் அடியில், படம் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சபதம் ஒரு பக்கம்கூடத் தாங்கவில்லை. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஒரு சந்தேகம் மட்டும்: இந்த ஓராண்டு விரதத்தையும் இன்ஸ்டகிராமில் அறிவித்துவிட்டீர்களா? அறிவித்திருந்தால், மூன்று இலக்கோடு நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் அந்த மூன்றையும் பார்ப்போம். பத்தாயிரம் பேர் என்பது முகம் தெரியாதவர்களின் கட்டைவிரலில் இருக்கிறது. பரிசு நடுவரின் கையில். ஃபுல் ஃபிரேம் கேமரா கடைக்காரரின் கண்ணாடி அலமாரியில். படம் எடுப்பதைப் பற்றி இதில் எது? வெளிச்சத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும், அந்நியரிடம் பேசிப் பழகி முகப்படம் எடுக்க வேண்டும், இரவில் ஓடும் ஊர்வலத்தை ஆடாமல் பிடிக்க வேண்டும் என்று ஒரு வரியாவது இலக்கில் உண்டா? நீங்கள் வைத்தவை ஒரு கடைக்கு வைக்கிற இலக்குகள். கடை நடத்துவது குற்றமில்லை. ஆனால் கடை நடத்திவிட்டு, திருவிழாவைப் பார்க்க முடியவில்லையே என்று அழுதால் எப்படி? பந்தியில் கடைசிவரை பரிமாறிக்கொண்டே இருந்தவர் பசியோடுதான் வீடு திரும்புவார்.

(அந்தக் கேமராவைப் பி.டி.பி.டி.என். என்ற உயர்கல்விக் கடன் பணத்தில் வாங்கும் எண்ணம் இருந்தால், தயவுசெய்து வேண்டாம். கடனைக் கட்டி முடிப்பதற்குள் கேமரா பழசாகியிருக்கும்.)

கேமராவும் கணமும் ஜென்மப் பகையாளிகள் என்று நீங்கள் நம்புகிறீர்கள். இந்த நம்பிக்கை இப்போது பரவலாக இருக்கிறது. கோயிலில் கைப்பேசியைத் தூக்கியவரைப் பார்த்து முணுமுணுக்காத பெரியவர் இல்லை. ஆனால் இதை ஆராய்ந்தவர்கள் அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. கிறிஸ்டின் டீல், கால் ஸாபர்மன், அலிக்ஸாண்ட்ரா பராஷ் என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிலடெல்பியாவில் பேருந்தில் ஊர் சுற்றிப் பார்த்தவர்களில், படம் எடுத்துக்கொண்டே போனவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக ரசித்திருந்தார்கள். எதை எடுக்கலாம் என்று தேடும் கண் கூடுதலாகப் பார்க்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். கருவி தொந்தரவாக இருந்தால் மட்டும் அந்தப் பலன் போய்விடுகிறதாம். கழுத்து வலிக்காரருக்கு இது பயன்படும் செய்தி.

அதே மூவர் 2018-இல் எழுதியதுதான் உங்களுக்கானது. தமக்கென்று வைத்துக்கொள்ளப் படம் எடுத்தவர்களைவிட, சமூக ஊடகத்தில் போடுவதற்காக எடுத்தவர்கள் அந்த நிகழ்ச்சியைக் குறைவாகவே ரசித்தார்கள். இதைப் பார்த்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற கவலை, பொத்தானை அழுத்தும்போதே உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. இப்போது உங்கள் தைப்பூசத்தை நினைத்துப் பாருங்கள். ரதத்தின் பின்னால் நீங்கள் மட்டுமா நடந்தீர்கள்? அந்தப் பத்தாயிரம் பேரையும் கூட்டிக்கொண்டு நடந்தீர்கள். அதிலும் பாதிப் பேர் இன்னும் வந்து சேரவேயில்லை.

நினைவு விஷயமும் இப்படித்தான். லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் அருங்காட்சியகத்தில் நடத்திய சோதனை 2014-இல் வெளிவந்தது. முழுப் பொருளையும் படம் எடுத்தவர்களுக்கு, சும்மா நின்று பார்த்தவர்களைவிட அந்தப் பொருள்களைப் பற்றிய நினைவு குறைவாக இருந்தது. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் விட்டுவிடுகிறது. இந்தப் பாதியை மட்டும் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். மறு பாதி இது: ஒரு பொருளின் ஒரு பகுதியை மட்டும் ஸூம் செய்து எடுத்தவர்களுக்கு நினைவு குறையவில்லை. படத்தின் சட்டத்துக்கு வெளியே விடப்பட்ட பகுதிகூட அவர்களுக்கு நினைவிருந்தது. எதை எடுப்பது என்று ஒரு கணம் யோசித்ததற்கே அவ்வளவு பலன்.

இழப்பு ஒன்று நிச்சயம் உண்டு, அது காதுக்கு. பராஷும் கூட்டாளிகளும் 2017-இல் கண்டது: விரும்பியதைப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்குப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது, கேட்டது குறைந்துவிடுகிறது. உங்கள் ஆயிரம் படத்தில் ஒன்றிலாவது உறுமி கேட்கிறதா? லெபோ பினாங்குத் தெருவிலிருந்து ரதம் புறப்படும்போது எழுகிற "வேல் வேல்" முழக்கம்? தேங்காய்கள் குவியல் குவியலாக உடைபடும் சத்தம், கூட்டிப் பெருக்குகிறவர்களின் மண்வாரி தாரில் உரசுவது, தண்ணீர்ப் பந்தலில் போட்டி போட்டுக்கொண்டு அலறும் ஒலிபெருக்கிகள்? (கடைசியாகச் சொன்னதை மறந்தால் பாதகமில்லை.) 1894 முதல் இந்த ரதம் நம் தெருக்களில் ஓடுகிறது. காது இல்லாமல் அதைப் பார்த்தவர் பாதிதான் பார்த்தார்.

கார்த்தியே-பிரெஸ்ஸோனைத் துணைக்கு அழைத்திருக்கிறீர்கள். அவர் கேமராவை ஓரம் வைத்தது 1970-களில், அறுபது வயது தாண்டிய பிறகு, நாற்பது ஆண்டு உழைப்புக்கு அப்புறம். ஓரம் வைத்துவிட்டு மரத்தடியில் கணத்தை ரசித்துக்கொண்டு உட்காரவுமில்லை. பென்சிலை எடுத்து வரைய ஆரம்பித்தார். வரைவதற்கு ஒரு மரத்தை எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமே. பார்ப்பதை விடுவதற்காகக் கேமராவை விட்டவர் இல்லை அவர். இருபது வயதில் அவரைக் காட்டி ஓய்வு கேட்பது கொஞ்சம் அதிகம்.

உங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்கிறேன். ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1862-இல் பினாங்கில் தங்கிப் படம் எடுத்தார். மனிதக் கை படாமல் உருவத்தைப் பிடிப்பது பேய் வேலை என்று சீனர்கள் அவருக்கு உதவ மறுத்துவிட்டதாகவும், இரண்டு மதராஸ்காரர்களைப் பழக்கி உதவியாளர்களாக வைத்துக்கொண்டதாகவும் அவரே எழுதியிருக்கிறார். அது ஈரத் தகட்டுக் காலம். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, காய்வதற்குள் கேமராவில் செருகி எடுத்து, காய்வதற்குள் இருட்டுக் கூடாரத்தில் கழுவியும் முடிக்க வேண்டும். ஒரு படத்துக்கே இந்தப் பாடு. எதை எடுப்பது என்று தீர்மானிக்காமல் தகட்டைத் தொடவே முடியாது. பினாங்கில் நம்மவர் இந்தத் தொழிலில் கை வைத்து 160 ஆண்டுக்கு மேல் ஆகிறது. கேமராவை விற்பதற்கு முன் அந்த இருவரையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

அளவில்லாமல் எடுப்பது கைப்பேசிக் காலத்து நோய் என்றும் நினைக்க வேண்டாம். நியூயார்க் தெருக்களைப் படம் பிடித்த காரி வினோகிராண்ட் 1984-இல் இறந்தபோது, கழுவாத ஃபிலிம் சுருள்கள் சுமார் 2,500 கிடந்தன. சுருளுக்கு 36 படம் என்றாலே 90,000. அவற்றை அவர் பார்க்கவேயில்லை. ஆனால் அவரிடம் நீங்கள் திருடிக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. எடுத்த சுருளை உடனே கழுவாமல் ஓராண்டு போல் கிடப்பில் போடுவார். எடுத்த நேரத்து உற்சாகம் வடிந்த பிறகு பார்த்தால்தான் நல்ல படம் எது, நல்ல பொழுது எது என்று பிரித்துப் பார்க்க முடியும் என்பது அவர் கணக்கு. நீங்கள் ஓராண்டு கேமராவைப் பூட்டி வைக்கப் போகிறேன் என்கிறீர்கள். கேமராவை விடுங்கள், படங்களைப் பூட்டுங்கள். அடுத்த தைப்பூசம்வரை இந்த ஆயிரத்தையும் திறக்க வேண்டாம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படம் எடுத்ததும் கேமராவின் திரையில் தானாக வந்து நிற்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு 36-க்கு மேல் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிலிம் விற்கிற விலைக்கு ஃபிலிம் கேமரா வாங்கச் சொல்ல மாட்டேன். ஆர்மீனியன் தெருவில் எர்னஸ்ட் ஸகாரெவிச் என்ற ஓவியர் 2012-இல் சுவரில் வரைந்த சைக்கிள் பிள்ளைகளின் முன்னால் வரிசையில் நிற்காதீர்கள். அந்தப் படம் உலகத்தில் போதுமான அளவு இருக்கிறது. லெபோ பாசாரிலோ லெபோ குவீனிலோ ஒரே கடையை, ஒரே பூக்கட்டும் கையை, ஒரு செமஸ்டர் முழுக்கப் போய்ப் போய் எடுங்கள். நல்லதாக ஒன்று அமைந்தால் 4ஆர் அளவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய் அந்த அக்காவிடமே கொடுங்கள். அவர் முகத்தைப் பார்த்த பிறகும் பத்தாயிரம் பேர் வேண்டும் என்று தோன்றினால் மறுபடி எழுதுங்கள்.

தைப்பூசத்தில் படம் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை, இது உங்களுக்கு மட்டுமல்ல. அலகு குத்தும் இடத்தில் லென்ஸை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நீட்டுகிறார்களே, அந்தக் கணம் யாருடையது? விரதம் இருந்தவருடையது, அவரைத் தாங்கிப் பிடித்திருக்கும் குடும்பத்துடையது. படக்காரர் அங்கே விருந்தாளி. தண்ணீர்மலையில் 513 படி ஏறுகிறவரின் முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டு வழியை மறிப்பதும் பத்துமலைப் படிகளில் காவடிக்காரரை நிறுத்தி "அண்ணே, இங்க பாருங்க" என்பதும் கலைச்சேவை ஆகாது. நீங்கள் அப்படிச் செய்தீர்கள் என்று சொல்லவில்லை. செய்திருந்தால், உங்களுக்கே தெரியும்.

அம்மாவிடம் வருகிறேன். அவர் கேமராவைக் குறை சொல்லவில்லை, கவனித்தீர்களா? சாமியைப் பார்த்தாயா என்று மட்டும்தான் கேட்டார். எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. அன்றைக்கு அவரும் எங்கேயோ ஓர் அர்ச்சனைத் தட்டோடு ரதத்துக்குக் காத்து நின்றிருப்பார். உங்கள் ஆயிரம் படத்தில் அம்மா எத்தனை? பூட்டி வைக்கச் சொன்ன படங்களை இதற்காக ஒரே ஒரு முறை திறந்து பார்க்க அனுமதி தருகிறேன். ஒன்றுகூட இல்லையென்றால், அடுத்த ஆண்டுக்கு நல்ல இலக்கு ஒன்று கிடைத்துவிட்டது. அவரோடு ரதத்தடிக்குப் போங்கள், தீபாராதனை முடியும்வரை கேமரா பையில் இருக்கட்டும், அப்புறம் எடுங்கள்.

பி.கு.வுக்குப் பதில்: அனுப்பலாம், அடுத்த தைப்பூசம் கழித்து. ஐந்து படத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எங்கே, எப்போது, படத்தில் இருப்பவர் யார் என்று இரண்டு வரி எழுதுங்கள். முகம் தெளிவாகத் தெரிகிறவர்களிடம் சம்மதம் கேட்டிருக்க வேண்டும், குழந்தைகள் என்றால் பெற்றோரிடம். வானத்தை ஊதா நிறமாக்கி அனுப்பாதீர்கள். உங்கள் பெயரைப் படத்துக்குக் கீழே நாங்களே அச்சிடுகிறோம், ரதத்தின் மேல் நீங்கள் எழுத வேண்டாம்.