கிணற்றடியில் தொடங்கும் அரசியல்

சமூக ஏற்றத்தாழ்வையும் அரசியல் தலைமையையும் சேர்த்துப் புரிந்துகொள்ள எந்தப் பத்திரிகையாளரை வாசிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ராபர்ட் கேரோவை வாசியுங்கள். அமெரிக்காவின் 'நியூஸ்டே' நாளிதழில் நிருபராக இருந்தவர். அவருடைய பெரிய புத்தகங்களெல்லாம் இரண்டே மனிதர்களைப் பற்றியவை: நியூயார்க்கில் சாலைகளும் பாலங்களும் கட்டிய ராபர்ட் மோசஸ், முன்னாள் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன்.

நான் முதலில் எடுத்தது ஜான்சன் வரிசையின் முதல் தொகுதி, 1982இல் வெளிவந்த 'தி பாத் டு பவர்'. தலைவரின் கதையை எதிர்பார்த்துப் பிரித்தால், நடுவே ஓர் அத்தியாயம் முழுக்க டெக்சாஸ் மலைநாட்டுப் பெண்கள் தண்ணீர் இறைக்கிறார்கள். மின்சாரம் எட்டாத ஊர்கள். ஆழக் கிணறு, தோள் நோகச் சுமை, கொதிக்கும் கோடையிலும் விறகடுப்பில் சூடேற்றிய இரும்பால் துணி தேய்க்கும் வேலை. இதை எழுதுவதற்காகக் கேரோவும் அவர் மனைவி ஐனாவும் மூன்று ஆண்டுகள் அங்கேயே குடியிருந்தார்கள். நகரத்துக்காரரான அவர் கையில் வாளியைக் கொடுத்து, இறைத்துப் பாருங்கள் என்றாராம் ஒரு மூதாட்டி. அந்தப் பகுதியை வாசித்த இரவு, வாழ்நாளெல்லாம் கயிறு இழுத்துக் காய்த்துப்போன என் பாட்டியின் உள்ளங்கை நினைவுக்கு வந்து, புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

1937இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குப் போன ஜான்சன் அந்த ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார். கிணற்றடியில் நின்ற பிறகுதான் அது எவ்வளவு பெரிய காரியம் என்பது நமக்கு உறைக்கிறது. அதே ஜான்சன் 1948இல், மேலவையான செனட்டுக்கு ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் 87 வாக்கு வித்தியாசத்தில் வென்றது கள்ள வாக்குகளால்தான் என்பதையும் அடுத்த தொகுதியில் கேரோ ஆதாரங்களோடு அடுக்குகிறார். இரண்டில் எதையும் அவர் மறைப்பதில்லை. எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அங்கேதான்.

2002இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் தி செனட்' இன்னும் கனமானது. முதல் பக்கங்களில் ஜான்சன் வருவதில்லை. அலபாமாவில் வாக்காளராகப் பதிவுசெய்யப் போன கறுப்பினப் பெண் ஒருவர் திருப்பி அனுப்பப்படுகிறார். இருபது ஆண்டுகள் சிவில் உரிமை மசோதாக்களை எதிர்த்தே வாக்களித்த ஜான்சன், 1957இல் அப்படியொரு சட்டத்தை நிறைவேற்றிக் காட்டுகிறார். 1875க்குப் பிறகு அதுதான் முதல் சிவில் உரிமைச் சட்டம். வலுவிழந்த சட்டம்தான், ஆனாலும் அது எப்படி நிறைவேறியது என்பதை, ஒவ்வொரு வாக்காக எண்ணும் பேரத்தோடு, இவ்வளவு துல்லியமாக வேறு யாரும் எழுதி நான் வாசித்ததில்லை.

இத்தனை பக்கங்களுக்கு நேரமில்லை என்றால், 1974இல் வந்த 'தி பவர் புரோக்கர்' நூலில் 'ஒரு மைல்' என்ற அத்தியாயத்தை மட்டுமாவது வாசியுங்கள். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் மோசஸ் போட்ட விரைவுச்சாலையின் ஒரே ஒரு மைலுக்காக 1,530 குடும்பங்கள் வீட்டை இழந்தன. சற்றுத் தள்ளி, மிகச் சில கட்டடங்களை மட்டும் இடித்துப் போயிருக்கக்கூடிய மாற்று வழி இருந்தது. மக்கள் மன்றாடியும் மோசஸ் அசையவில்லை. வாக்குப் பெற்று எந்தப் பதவிக்கும் வராதவர் அவர்; அவரைத் தோற்கடிக்க அந்த மக்களிடம் வாக்குச்சீட்டே இல்லை.