“முயல் எனக்கு அதிகம் பழக்கமில்லை” என்கிறார் புது டாக்டர்… நம்பலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ‘சுண்டல்’ என்று ஒரு பெண் முயல் இருக்கிறது. மூன்று வயது, 2 கிலோ எடை. குட்டியிலிருந்து அதைப் பார்த்துவந்த டாக்டர் ஓய்வுபெற்றுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். பக்கத்துத் தெருவில் ஓர் இளம் டாக்டர் புதிதாக கிளினிக் வைத்திருக்கிறார். சுண்டலுக்குக் காதுச் சொறி வந்து உள்ளே கெட்டியாகப் பொருக்குத் தட்டியிருந்ததால் அவரிடம் கொண்டுபோனோம். “முயல் எனக்கு அதிகம் பழக்கமில்லை, கொஞ்சம் இருங்கள்” என்று உள்ளே போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்து ஊசி போட்டார். பொருக்கைத் தொடவே இல்லை. இரண்டு வாரம் கழித்து இன்னொரு ஊசி. இப்போது காது சுத்தமாகிவிட்டது. போன வாரம் போனபோது, “கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நல்லது” என்றார். நாள் குறிக்கும்போது அங்கிருந்த உதவியாளர், “முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் தீனி, தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள்” என்றார். “தெரியாது என்று தன் வாயால் சொல்கிறவர் கையில் எப்படிக் கத்தியைக் கொடுப்பது?” என்கிறார் என் கணவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: உங்கள் கணவரின் பயம் நியாயம்தான். ஆனால், அவர் பயப்படவேண்டிய இடம் வேறு. டாக்டர் “பழக்கமில்லை” என்று சொன்னதை விட்டுவிடுங்கள். உதவியாளர் சொன்ன அந்த “ராத்திரி எட்டு மணி”தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அதற்கு வருகிறேன்.

முதலில் காது. முயலின் காதுச் சொறிக்குக் காரணம், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் ஒரு வகை உண்ணிப்பூச்சி. அது கடித்த இடத்தில் நீர் கசிந்து, காய்ந்து, அடுக்கடுக்காகப் பொருக்காகிவிடும். அதைப் பார்த்தால் யாருக்குமே பிய்த்தெடுக்கத்தான் கை போகும். பிய்த்தால் அடியில் பச்சைப் புண், ரத்தம், தாங்கமுடியாத வலி. எடுக்கவும் வேண்டியதில்லை. ஐவர்மெக்டின் ஊசியைச் சரியான அளவில் போட்டுவிட்டால் பூச்சி செத்து, பொருக்கு தானாக உதிர்ந்துவிடும். அந்த மருந்து முட்டைகளைக் கொல்லாது என்பதால்தான் இரண்டு வாரம் கழித்து இன்னொரு ஊசி. உங்கள் டாக்டர் செய்தது அச்சு அசலாக இதைத்தான். போனில் யாரிடம் கேட்டாரோ, சரியான ஆளிடம் கேட்டிருக்கிறார்.

“டாக்டருக்குப் படித்தவருக்கு முயலைப் பற்றித் தெரியாதா?” என்று உங்கள் கணவர் கேட்கலாம். எங்கள் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருடம். அதில் பெரும்பகுதி மாடு, எருமை, ஆடு, கோழி. முயலும் உண்டு. ஆனால், எந்த முயல்? நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா என்று கறிக்காக வளர்க்கும் இனங்கள். கூண்டு எத்தனை அடி, அடர்தீவனம் எவ்வளவு, சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். பரீட்சைக்கு இதெல்லாம் வரும். பண்ணையில் ஒரு முயல் சோர்ந்தால் கழித்துவிடுவார்கள்; ஸ்கேன் எடுத்து, வலிமருந்து கொடுத்து யாரும் மடியில் வைத்துக்கொள்ளமாட்டார்கள். வீட்டு முயலுக்கு வைத்தியம் பார்க்கும் எங்களில் பெரும்பாலோர் அதைக் கல்லூரிக்கு வெளியில்தான், கேட்டும் படித்தும், சில நேரம் தவறு செய்தும் கற்றுக்கொண்டோம்.

அப்படி ஒரு தவறு என் கணக்கிலும் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், தும்மிக்கொண்டிருந்த ஒரு முயலுக்கு அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் சிரப் எழுதிக்கொடுத்தேன். நாய்க்கும் பூனைக்கும் தினம் எழுதும் மருந்துதானே என்ற நினைப்பு. நான்காம் நாள் கழிச்சல் கண்டு அது செத்துப்போனது. முயலின் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் பெருங்குடல்வாய் என்று ஒரு பெரிய பை உண்டு. புல்லைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அதில்தான் வாழ்கின்றன. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்றவற்றை வாய்வழியாகக் கொடுத்தால் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நஞ்சு சுரக்கும் கிருமிகள் பெருகிவிடும். அன்று எனக்கு அது தெரியாது. “எனக்குத் தெரியாது” என்று அந்த வீட்டுக்காரரிடம் சொல்லவும் நாக்கு எழவில்லை. உங்கள் டாக்டருக்கு எழுந்திருக்கிறது.

ஆக, காது, நகம், பல், கழிச்சல் என்று வழக்கமானவற்றுக்கு அவரிடம் தாராளமாகப் போகலாம். ஆனால், ஊசி போட ஒருவரை நம்புவது வேறு. மயக்க மருந்து கொடுக்க நம்புவது வேறு. ஒன்றில் தேறியவர் இன்னொன்றிலும் தேறியிருப்பார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இப்போது அந்த எட்டு மணி. நாய், பூனைக்கு அறுவை சிகிச்சை என்றால் முதல் நாள் இரவே தீனியை நிறுத்தச் சொல்வோம். மயக்கத்தில் வாந்தி எடுத்து, அது நுரையீரலுக்குள் போய்விடக் கூடாதே என்பதற்காக. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. அதன் வயிற்றுக்கு மேலே உள்ள வால்வு அவ்வளவு இறுக்கம். அதோடு, முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்கவேண்டிய செக்கு மாதிரி. ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டால் செக்கு நின்றுவிடும். வாயு கட்டும், வலி வரும், வலியால் அது மேலும் சாப்பிடாது. அறுவை நன்றாக முடிந்தும் மூன்றாம் நாள் முயல் சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வாயில் மிச்சம் மீதி இருக்கக் கூடாது என்பதற்காக ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு தீனியை எடுத்துவிட்டால் போதும். தண்ணீரைக் கடைசிவரை எடுக்கவேண்டாம்.

உதவியாளர் எல்லோருக்கும் சொல்கிற பாடத்தை உங்களுக்கும் ஒப்பித்திருக்கலாம். அதனால் அவரிடம் வாதாடாமல் டாக்டரிடமே கேளுங்கள்: “முயலையும் ராத்திரி பட்டினி போடணுமா சார்?” என்று வெள்ளந்தியாகவே கேளுங்கள். “ஐயோ, வேண்டாம், வரும்போது அது விரும்பித் தின்கிற தழையைக் கையோடு கொண்டுவாருங்கள், கண் விழித்ததும் கொடுக்கவேண்டும்” என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. “ஆமாம், போடணும்” என்றால் அந்த அறுவையை அவரிடம் வைத்துக்கொள்ளாதீர்கள். “பார்த்துச் சொல்கிறேன்” என்றால்? காது விஷயத்தில் பார்த்துச் சொன்னவர்தானே, காத்திருங்கள். ஆனால், பதில் வரும்வரை நாள் குறிக்கவேண்டாம்.

மிச்சப் பாதிக் கவலை மயக்க மருந்து. 2008இல் பிரிட்டனில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மயக்க மருந்தை ஒட்டி இறந்த நாய்கள் நூற்றுக்கு 0.17, பூனைகள் 0.24, முயல்கள் 1.39. அதாவது நாயைவிட எட்டு மடங்கு. ஆரோக்கியமான முயலுக்கு இது பாதியாகக் குறைகிறது, நோயுற்றதற்குப் பல மடங்கு ஏறுகிறது. இறந்தவற்றில் பெரும்பாலானவை மேசையில் சாகவில்லை. கண் விழிக்கும் நேரத்திலும் அதற்குப் பிறகும்தான் போயின. ஆகவே, “நன்றாகத் தைப்பீர்களா?” என்று கேட்பதைவிட, “தைத்த பிறகு யார் பக்கத்தில் இருப்பார்கள்?” என்று கேட்பது பயனுள்ளது. இதற்கு முன் எத்தனை முயலுக்குச் செய்திருக்கிறார், அவை எப்படி இருக்கின்றன, அன்று காலையில் எடையைக் கிராம் கணக்கில் பார்ப்பாரா, மயக்கத்தில் உடம்பு குளிர்ந்துவிடாமல் இருக்க என்ன ஏற்பாடு, வலிமருந்து எத்தனை நாள், சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவாரா – இவற்றையும் கேளுங்கள். கோபித்துக்கொள்கிற டாக்டரானால் கோபித்துக்கொள்ளட்டும்.

கை எப்படிப் பிடிக்கிறது என்றும் பாருங்கள். காதைப் பிடித்துத் தூக்குகிறவரிடம் மறுபடி போகாதீர்கள், எந்தச் சமாதானமும் வேண்டாம். முயலின் பின்னங்கால் உதை பலமானது, எலும்போ மெல்லியது. பின்பக்கம் தாங்கல் இல்லாமல் தூக்கினால், அது உதைக்கும் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறியும். இன்னொன்று, உண்ணிக்கு நாய்க் கழுத்தில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தை யாராவது எழுதிக்கொடுத்தால் வாங்காதீர்கள். முயலுக்கு அது விஷம்.

அறுவை சிகிச்சையே தேவையா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். தேவைதான். கர்ப்பப்பையை எடுக்காமல் விட்ட பெண் முயல்களுக்கு வயது ஏற ஏற அதில் புற்றுநோய் வருவது மிக அதிகம். டாக்டர் சொன்ன யோசனை நல்ல யோசனை. ஆனால், நாளைக்கே செய்தாகவேண்டிய அவசரம் இல்லை. கரூர் வெயிலில் சித்திரை, வைகாசியைத் தவிர்த்துவிடுங்கள். முயலுக்கு வியர்க்காது, சூடு தாங்காது. இடையில் சிறுநீர் சிவப்பாகப் போனால் பதறவேண்டாம். தின்ற தழையின் நிறமாகவும் இருக்கலாம். ரத்தமா என்பதைச் சிறுநீரில் நனைக்கும் ஒரு பரிசோதனைப் பட்டை அந்த நிமிடமே சொல்லிவிடும். ரத்தமென்றால் தள்ளிப்போடாதீர்கள்.

டாக்டரின் பதில்கள் திருப்தியாக இல்லை என்றால் நாமக்கல் உங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம்தான். அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. அறுவையை அங்கே செய்துகொண்டு, தையல் பிரிக்கவும் மற்ற வைத்தியத்துக்கும் பக்கத்துத் தெருவுக்கே வரலாம். இதில் யாருக்கும் துரோகம் இல்லை. ராத்திரியில் ஓர் அவசரம் என்றால் ஓடப்போவது அவரிடம்தான். முயல் பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல் புழுக்கையும் போடாமல் இருந்தால் அது அவசரம், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. அவருடைய போன் நம்பரை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரைப் பார்த்ததும் ஒரு சந்தேகம். சுண்டலுக்குச் சுண்டல் கொடுப்பதில்லையே? பயறும் கடலையும் அதற்கு ஆகாது. அருகம்புல், வேலிமசால், கொஞ்சம் கொத்தமல்லித்தழை போதும். டாக்டரைப் பார்க்கப் போகும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ராத்திரிப் பட்டினிக் கேள்வியை அவரே கேட்கட்டும்.