புதிய ஆவணக் காப்பாளர்களுக்கு உள்ளூரில் ஒரு குழு: எங்கே தொடங்குவது?

ஆவணக் காப்பியல் மாணவர்களையும் இத்துறைக்குப் புதிதாக வந்தவர்களையும் ஊரளவில் எப்படி ஒன்றுசேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெயர், பொறுப்பாளர், விதிமுறை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஐந்தாறு பேர் கிடைத்தால் போதும், மாதத்தில் ஒரு நாளை முடிவு செய்துவிடுங்கள். வெறும் அறிமுகக் கூட்டம் என்றால் மறுமுறை ஆள் வராது. கையால் செய்ய ஏதாவது இருக்க வேண்டும். தாளைக் கவ்விய துருப்பிடித்த கிளிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே இழுத்தால் தாள் கிழியும். கிளிப்புக்கும் தாளுக்கும் நடுவே இருபுறமும் மெல்லிய பாலியெஸ்டர் படலத்தை நுழைத்து, பிறகு மெதுவாக நகர்த்த வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கு இது பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

இந்த வேலையில் பலர் தங்கள் நிறுவனத்தில் ஒற்றை ஆளாக இருக்கிறார்கள். சந்தேகம் கேட்கப் பக்கத்து மேசையே கிடையாது. அதனால் சம்பளம், ஒப்பந்தக் காலம் பற்றியும் மனம்விட்டுப் பேச இடம் கொடுங்கள். வெளியே சொல்லக் கூடாத மறைகாப்பு ஆவணங்களின் உள்ளடக்கத்தை மட்டும் பேச வேண்டாம். மாணவர்களிடம் கட்டணம் வாங்காதீர்கள்.

சர்வதேச ஆவணக் காப்பக மன்றம் 1948 ஜூன் 9 அன்று உருவானது. அந்த நாளே சர்வதேச ஆவணக் காப்பக நாள். குழுவின் முதல் பொது நிகழ்ச்சிக்கு அதையே குறித்துக்கொள்ளுங்கள்.