ஜஸ்ட்டு மிஸ்ஸு: பேட்மேன் எபிசோடு பத்தி கேள்வி பதில்

போன ஞாயித்துக்கிழமை பழைய வண்ணாரப்பேட்டை கேரம் கிளப்புல, போர்டை செவுத்துல சாய்ச்சிட்டு ஒரு எபிசோடு போட்டோம். 1992-ல வந்த பேட்மேன் கார்ட்டூன் தொடர்ல 'ஆல்மோஸ்ட் காட் இம்', அதாவது 'ஜஸ்ட்டு மிஸ்ஸு'. வில்லனுங்க ஒண்ணா சீட்டாடிக்கிட்டே, பேட்மேனைக் கிட்டத்தட்ட கொன்ன கதையை ஆளுக்கு ஒண்ணா சொல்லுவாங்க. முடிஞ்சதும் கேள்வியா கேட்டுத் தள்ளிட்டாங்க. முடிவையும் உடைச்சிருக்கேன், பாக்காதவங்க பாத்துட்டு வாங்க.

அண்ணே, சண்டையே கம்மி. இதைப் போய் பெஸ்ட்டுன்றீங்களே? (காசிமேடு தம்பி)

சண்டை வாயில நடக்குதுடா. ரெட்டு காயைப் போட்டேன், அதுக்கு அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காய் மட்டும் மிஸ்ஸுன்னு நம்ம கிளப்புல எத்தினி பேர் உதார் விடறான்? அதே ஆட்டம்தான். குத்துச்சண்டைல சார்பட்டா பரம்பரையா, இடியப்ப நாயக்கர் பரம்பரையான்னு டீக்கடைப் பெருசுங்க இன்னிக்கும் முட்டிக்கிதுங்களே, அதுங்களுக்கு இந்த எபிசோடைப் போட்டா உடனே புரியும். எதிராளி எவ்ளோ பெரிய ஆளோ, தோத்த கதைக்கும் அவ்ளோ மவுசு. பேட்மேன் எவ்ளோ பெரிய கைன்னு அவன் எதிரிங்க வாயாலயே சொல்ல வெச்சிருக்கார் எழுதின பால் டினி.

யார் கதை டாப்பு? (தண்டையார்பேட்டை)

பாதி மூஞ்சி சிதைஞ்ச வில்லன் டூ-ஃபேஸ். ராட்சச நாணயத்துல பேட்மேனைக் கட்டி வெச்சு சுண்டி விடறான். குப்புற விழுந்தா நசுங்குவான், மல்லாக்க விழுந்தா எலும்பு நொறுங்கும். ஆனா பேட்மேன் அதுக்கு முன்னாடியே அவனோட சொந்தக் காசை லவட்டி, அது விளிம்பாலயே கயித்தை அறுத்துட்டான். எல்லாத்தையும் காசு சுண்டி முடிவு பண்றவனுக்கு அந்தக் காசாலயே ஆப்பு! பேட்மேன் குகையில நிக்கிற பெரிய நாணயம் எங்கேர்ந்து வந்துச்சுன்றதுக்கும் இந்தத் தொடர்ல இதுதான் பதில்.

செடி, விஷம்னு திரியற வில்லி பாய்சன் ஐவியோட பூசணிக்காய் விஷவாயு, பரவால்ல. பென்குவினோட பறவைக்கூண்டு எனக்கு ஒட்டல. பேச்சு மட்டும் பெருசு.

டூ-ஃபேஸுக்கும் ஐவிக்கும் என்ன தகராறு, அண்ணா? (ராயபுரம் தங்கச்சி)

பழைய காதலும்மா. அவன் நல்ல வக்கீலா இருந்தப்போ பழகி, விஷ முத்தம் குடுத்துக் கொல்லப் பாத்தவ அவ. அதான் ஒரே மேஜையில உக்காந்தும் முறைப்பு.

முதலைத் தோல் வில்லன் க்ராக் மட்டும் ஏன் 'கல்லெடுத்து அடிச்சேன்'னு ஒத்தை வரியில முடிச்சான்? (வியாசர்பாடி)

முதல் தடவை எல்லாரும் சிரிச்சோமா? ரெண்டாவது தடவை பாக்கும்போதுதான் சூது தெரியும். அங்க உக்காந்திருந்தது க்ராக்கே இல்ல, வேஷம் போட்ட பேட்மேன். தன்னைத் தானே கொல்லப் பாத்ததா அவன் என்ன கதை விடுவான்? முட்டாள் முதலைன்னு எவனும் சந்தேகப்படல. ஜோக்கரைத் தானா வாயைத் திறக்க வெக்கணும், அதுக்குத்தான் அத்தினி பொறுமை. பார்ல சுத்தி உக்காந்திருந்தது பூரா போலீஸ்!

ஜோக்கர் என்ன உளறினான்? நான் பாதியில தண்ணி பிடிக்கப் போய்ட்டேன். (கொருக்குப்பேட்டை அக்கா)

டிவி நிகழ்ச்சி ஒண்ணைக் கைப்பத்தி, பேட்மேனை மின்சார நாற்காலியில உக்கார வெச்சான்கா. கூட்டம் சிரிக்கச் சிரிக்கக் கரெண்டு ஏறும். பூனை வேஷத் திருடி கேட்வுமன் வந்து காப்பாத்திட்டா, ஆனா அவ மாட்டிக்கிட்டா. தன் கூட்டாளி ஹார்லி அவளைப் பூனைத்தீனியா அரைக்கப் போறான்னு ஜோக்கரே பெருமையா சொல்றான். அந்த ஒரு தகவலுக்காகத்தான் மத்த மூணு கதையையும் பேட்மேன் கேட்டுக்கிட்டு இருந்தான்.

ஜோக்கர் குரல் யாரு? (எண்ணூர்)

மார்க் ஹாமில். 'ஸ்டார் வார்ஸ்' படத்துல ஹீரோ லூக்கா நடிச்சவரேதான்.

கடைசியில கேட்வுமன் ஏன் அதே 'ஆல்மோஸ்ட் காட் இம்' வசனத்தைச் சொல்றா? (ராயபுரம் தங்கச்சி, மறுபடியும்)

வில்லனுங்களுக்கு பேட்மேனோட உயிர் கைதப்பிச்சு, அவளுக்கு அவன் மனசு கைதப்பிச்சு. மொட்டைமாடியில பேசிக்கிட்டே திரும்பினா ஆளைக் காணோம். நாலு பேர் உதாரா சொன்னதை இவ மெதுவா, தனக்குள்ள சொல்லிக்கிறா.

அடுத்த ஞாயிறு?

டூ-ஃபேஸ் எப்படி அப்படி ஆனான்ற கதை. ரெண்டு பாகம். ஆறு மணிக்குள்ள ஆட்டத்தை முடிச்சு போர்டைக் காலி பண்ணுங்கப்பா.