24ஆம் தேதி தோழர் வீடு, 27ஆம் தேதி பிராக்

டிரெஸ்டனில் முதல் கிறிஸ்துமஸ், 24ஆம் தேதி ஜெர்மன் வகுப்புத் தோழர் வீட்டுக்கு அழைக்கிறார், நம் நண்பர்களோ அன்றே செக் நாட்டுத் தலைநகர் பிராக் போகலாம் என்கிறார்கள், இரண்டில் எதற்குப் போவது, பிராக்குக்குத் தனி விசா வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

தயங்காமல் தோழர் வீட்டுக்குப் போங்கள். ஜெர்மனியில் 24 மாலைதான் குடும்பம் கூடும் நேரம். அன்றைக்கு வெளியாள் ஒருவரைக் கூப்பிடுவது வெறும் மரியாதைக்காக இல்லை. நான் முதல் வருஷம் கூச்சப்பட்டு மறுத்துவிட்டு, அறையில் தனியாக ரசம் வைத்துச் சாப்பிட்டேன். இன்றும் வருத்தம்தான். பல வீடுகளில் அன்று உருளைக்கிழங்கு சாலடும் சாசேஜும். சைவம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள். சொன்ன நேரத்துக்குப் போங்கள். ஊரிலிருந்து வந்த முறுக்கு இருந்தால் ஒரு டப்பாவில் கொண்டுபோங்கள், பெரிய பரிசு வேண்டாம். அப்புறம், 24 மதியத்தோடு கடைகள் மூடிவிடும், 25, 26 விடுமுறை. பாலும் அரிசியும் 23ஆம் தேதியே வாங்கிவிடுங்கள்.

பிராக்குக்கு 27ஆம் தேதி கிளம்பலாம். டிரெஸ்டனின் கிறிஸ்துமஸ் சந்தையான ஷ்ட்ரீட்சல்மார்க்ட் 24ஆம் தேதியோடு முடியும், ஆனால் பிராக் பழைய நகரச் சதுக்கச் சந்தை வழக்கமாக ஜனவரி 6 வரை இருக்கும். ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். போகும்போது இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், எல்பே ஆறு கூடவே வரும். உங்கள் ஜெர்மன் வசிப்பு அட்டை செல்லுபடியில் இருப்பதால் தனி விசா வேண்டாம், 180 நாளில் 90 நாள் வரை போய் வரலாம். பாஸ்போர்ட், அட்டை இரண்டும் அசலாகக் கையில் இருக்கட்டும். திரும்பும்போது எல்லையில் போலீஸ் ஏறிப் பார்ப்பதுண்டு, போனில் உள்ள படம் செல்லாது.