வரைவு மாஸ்டர் பிளானில் என் மனை மேல் ரோடு: தமிழில் ஆட்சேபம் எழுதித் தரலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு நகராட்சியில் இருக்கிறோம். தலைமுறையாகத் தமிழ்க் குடும்பம். எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்கத் தடுமாறும். நகராட்சி வெளியிட்டிருக்கும் வரைவு மாஸ்டர் பிளானில் என் 12 சென்ட் மனைக்குக் குறுக்கே புது ரோடு காட்டியிருக்கிறார்கள். பக்கத்து நெல்வயல் முழுக்கக் குடியிருப்புப் பகுதி என்று மஞ்சள் அடித்திருக்கிறது. எங்கள் பக்கத்துக்கு வாய்க்கால் தண்ணீர் வருவதே அந்த வயல் வழியாகத்தான். கவுன்சிலரைக் கேட்டால், "அதெல்லாம் ஜில்லா லெவலில் முடிவானது, நம்மால் ஒன்றும் ஆகாது" என்கிறார். அந்த மனையில்தான் மகன் வீடு கட்டப்போகிறான். தமிழில் எழுதிக் கொடுத்தால் வாங்குவார்களா? என்ன செய்வது?

பதில்: வாங்கத்தான் வேண்டும். அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு, குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்கிறது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதவும் அதே மொழியில் பதில் பெறவும் இடம் கொடுத்தது. ஆகவே தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கூடவே மலையாள மொழிபெயர்ப்பு ஒன்றை இணைத்துவிடுங்கள். சட்டத்துக்காக அல்ல, பைலைப் பார்க்கிற ஆள் படிக்க முடியாமல் ஓரமாக வைத்துவிடக் கூடாது என்பதற்காக.

அதைவிட அவசரமானது தேதி. 2016-ஆம் ஆண்டு கேரள நகர ஊரமைப்புச் சட்டப்படி, வரைவு மாஸ்டர் பிளான் வெளியானதும் ஆட்சேபம், யோசனை சொல்ல மக்களுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. அந்த அறிவிப்பு என்றைக்கு வெளியானது என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். கடைசி வாரம் வரை வைத்திருக்காதீர்கள்.

எழுதும்போது "இந்த ரோடு வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் அதற்கு மதிப்பில்லை. வார்டு எண், சர்வே எண், உட்பிரிவு, வரைபடத்தின் எந்தத் தாளில் அந்தக் கோடு வருகிறது, கோட்டின் அகலம் எத்தனை மீட்டர், அது உங்கள் 12 சென்ட்டில் எவ்வளவு தின்கிறது, இதையெல்லாம் சர்வே ஸ்கெட்ச்சோடு ஒப்பிட்டு எழுதுங்கள். பக்கத்தில் புறம்போக்கோ பழைய வண்டித்தடமோ இருந்தால், ரோட்டை அந்தப் பக்கம் நகர்த்தலாமே என்று ஒரு மாற்று வழியும் கோடு போட்டுக் காட்டுங்கள். ஆட்சேபங்களைப் பரிசீலிக்கிற சிறப்புக் குழு இந்த மாதிரி மனுவைத்தான் கையில் எடுத்துப் பேச முடியும். நேரில் கேட்க வேண்டும் என்ற கோரிக்கையையும் ஒரு வரியில் சேருங்கள். ஆதாரத்தின் (மனைப் பத்திரத்தின்) நகல், கரம் தீர்த்த (நிலவரி கட்டிய) ரசீது இரண்டையும் வையுங்கள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் பிரதியில் சீலும் நம்பரும் தேதியும் வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள். பின்னால் கோர்ட்டுக்குப் போக நேர்ந்தால் அந்தச் சீல்தான் பேசும்.

உங்கள் கவுன்சிலர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. "ஜில்லா லெவல்" என்று அவர் கைகாட்டும் மாவட்டத் திட்டக் குழு எங்கிருந்தோ வந்ததல்ல. அரசியலமைப்பில் 74-ஆவது திருத்தம் சேர்த்த 243 இசட்-டி (243ZD) பிரிவின்படி, அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்களை மாவட்டப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் நகராட்சிக் கவுன்சிலர்களும் தங்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். கேரளத்தில் குழு 15 பேர், அதில் 12 பேர் இப்படி வருகிறவர்கள். மாவட்டப் பஞ்சாயத்துத் தலைவர் அதற்குத் தலைவர், கலெக்டர் செயலாளர். ஆக, உங்கள் கவுன்சிலருக்கு அந்தக் குழுவைத் தேர்ந்தெடுக்க ஓட்டு இருக்கிறது, அதில் உட்காரவும் தகுதி இருக்கிறது. அவர் கைவிரித்தால் அந்த இருக்கையில் உங்கள் ஊருக்காகப் பேச ஆள் இல்லாமல் போகும். எனக்கு இது வருத்தமாகவே இருக்கிறது, ஏனென்றால் எல்லை ஊர்களுக்கு வேறு எவரையும்விட அந்த இருக்கை தேவை.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். சித்தூர்ப்புழை ஆற்றுக்கு வரும் பாசனத் தண்ணீர் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு விடுவது. 1970-இல் கையெழுத்தான ஒப்பந்தம், மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி என்கிறது. வாய்க்கால் ஒரு பஞ்சாயத்தில் ஏறி, இன்னொன்றில் பிரிந்து, நகராட்சி எல்லைக்குள் முடிகிறது. நடுவில் ஒரு வயலில் மண் அடித்தால் கீழே இருக்கிற எல்லோருக்கும் வாய் வறளும். எந்த நகராட்சியும் தனியாக இதைத் தீர்க்க முடியாது. அதனால்தான் நிலத் திட்டமிடல், தண்ணீரைப் பகிர்தல் போன்ற பொது விஷயங்களைக் கருத்தில் கொண்டே மாவட்டத் திட்டம் போட வேண்டும் என்று அதே 243 இசட்-டி பிரிவு சொல்கிறது. எனவே இரண்டு மனுக்கள் போடுங்கள். மனை பற்றிய மனு நகராட்சிக்கு. வாய்க்கால் பற்றியது தனியாக, உங்கள் வார்டுக்காரர்களும் மேல்மடைப் பஞ்சாயத்து விவசாயிகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, நகராட்சிக்கும் மாவட்டத் திட்டக் குழுவுக்கும் நீர்ப்பாசனத் துறைக்கும். வார்டு சபை கூடும்போது இதைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மினிட்ஸில் ஏறிய தீர்மானத்தைக் கவுன்சிலர் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

மஞ்சள் நிறத்தைப் பார்த்து ரொம்பப் பயப்பட வேண்டாம். வரைபடத்தில் குடியிருப்புப் பகுதி என்று போட்டதாலேயே நெல்வயலை நிரப்ப அனுமதி கிடைத்துவிடாது. 2008-ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் தனியாக நிற்கிறது. அந்த வயல் டேட்டா பேங்கில், அதாவது அந்தச் சட்டப்படி நெல்வயல்களைப் பதிந்து வைத்திருக்கும் பட்டியலில், இருக்கிறதா என்று கிருஷி பவனில் (வேளாண்மை அலுவலகத்தில்) கேளுங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தின் நகலை மனுவோடு இணைத்துவிடுங்கள். உங்கள் கையில் இருக்கும் பலமான காகிதம் அது.

ரோடு எதற்கு, எந்தெந்த சர்வே எண்கள் என்ற விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்கலாம். பதில் வர 30 நாள் ஆகும், அதற்காக ஆட்சேபத்தை நிறுத்தி வைக்காதீர்கள். இந்த மனுவை மட்டும் மலையாளத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்தச் சட்டம் ஆங்கிலம், இந்தி அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழி என்றுதான் சொல்கிறது.

அப்புறம், மகனின் வீடு. வரைவில் கோடு இருப்பதால் மனை அரசுக்குச் சொந்தமாகிவிடாது. திட்டத்தில் தனியார் நிலத்தைப் பூங்காவாகக் காட்டிவிட்டு, கையகப்படுத்தவும் செய்யாமல் உரிமையாளரைத் தடுத்து வைக்க முடியாது என்று 2005-இல் ஒரு புனே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவேளை ரோட்டோடு திட்டம் இறுதியாகி அமலுக்கு வந்து, இரண்டு வருடத்துக்குள் கையகப்படுத்தும் நடவடிக்கை தொடங்கவில்லை என்றால், நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லி நகராட்சிக்கு நோட்டீஸ் கொடுக்க 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 67-ஆவது பிரிவு வழி விடுகிறது. ஆனால் அது கடைசிக் கதவு. இப்போது பில்டிங் பெர்மிட்டுக்கு முறைப்படி விண்ணப்பம் போடுங்கள். மறுத்தால் வாய்ச்சொல்லை ஏற்காமல், காரணத்தோடு எழுத்தில் வாங்குங்கள். திருவனந்தபுரத்தில் உள்ளாட்சி நிறுவனங்களுக்கான தீர்ப்பாயம் இருக்கிறது, அந்தக் காகிதம் கைக்கு வந்த வாரமே வக்கீலைப் பார்த்து அங்கே மேல்முறையீடு செய்யுங்கள்.